ஒரே ஆள், ஒரே மாலை, இரண்டு வழக்கு: அட்லாண்டா கொலைகளில் சட்டம் எங்கே நின்றது?

2021 மார்ச் 16 மாலை, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகரிலும் அதன் அருகிலும் மூன்று மசாஜ் நிலையங்களில் 8 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 6 பேர் ஆசிய வம்சாவளிப் பெண்கள். சுட்டவன் 21 வயது வெள்ளையின இளைஞன். செரோக்கி கவுன்டியின் (கவுன்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது) அரசு வழக்கறிஞர், இதில் இன வெறுப்புக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றார். எல்லையைத் தாண்டினால் வருகிற ஃபுல்டன் கவுன்டியின் அரசு வழக்கறிஞரோ, அதே ஆள் மீது வெறுப்புக் குற்றச் சட்டத்தையும் சேர்த்து, மரண தண்டனை கேட்கப்போவதாக அறிவித்தார்.

ஒரே ஆள், ஒரே துப்பாக்கி, ஒரே மாலை. அப்படியானால் இரண்டில் எது சரி என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆனால் இரண்டு முடிவும் சட்டப்படி நிற்கக்கூடியவைதான். அது எப்படி என்று புரிய வேண்டுமானால் இரண்டு சட்டங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, குற்றம் நடந்த பிறகு 'ஏன் செய்தாய்' என்று கேட்கும் வெறுப்புக் குற்றச் சட்டம். மற்றது, துப்பாக்கி விற்பதற்கு முன் 'உன் மீது பதிவு ஏதும் உண்டா' என்று மட்டும் கேட்கும் ஆயுதச் சட்டம். இவை இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை.

## முதலில், 'ஆசியர்' என்றால் யார்?

பிரிட்டனில் 'ஏஷியன்' என்றால் பேச்சுவழக்கில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர். அமெரிக்காவில் அதே சொல்லைக் கேட்டவுடன் பலர் மனதில் வருவது சீன, கொரிய, ஜப்பானிய முகம். அரசின் கணக்கில் மட்டும் இந்தியரும் இலங்கையரும் 'ஆசியர்' பட்டியலில் அடக்கம்.

புள்ளிவிவரம் படிக்கும்போது இது காலை வாரும். ஒரு சீக்கியர் தாக்கப்பட்டால் அது 'சீக்கியருக்கு எதிரானது' என்று மத வகையில் ஏறலாம், 'ஆசியருக்கு எதிரானது' என்று இன வகையில் ஏறலாம், முஸ்லிம் என்று தவறாக எண்ணி அடித்திருந்தால் 'முஸ்லிமுக்கு எதிரானது' என்றும் ஏறலாம். சீக்கியர், இந்து, அரபியர் என்ற வகைகளை மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தனியாக எண்ணத் தொடங்கியதே 2015இல்தான். எனவே 'ஆசியருக்கு எதிரான குற்றம் இத்தனை' என்ற எண்ணுக்குள் தெற்காசியர்களின் கதை பாதிதான் இருக்கும்.

## வெறுப்புக் குற்றம்: மூன்று படிகள்

1. வெறுப்புப் பேச்சு. 'உன் நாட்டுக்குப் போ' என்று தெருவில் கத்துவது அமெரிக்காவில் பெரும்பாலும் குற்றமே இல்லை. பேச்சுரிமை தரும் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அதற்குக் காப்பு. அடிப்பேன், கொல்வேன் என்ற உண்மையான மிரட்டலாக மாறினால்தான் சட்டம் உள்ளே வரும்.

2. வெறுப்பு நிகழ்வு. துப்புவது, கடையில் சேவை மறுப்பது, பேருந்தில் எழுந்து விலகிப்போவது போன்றவை. சில குற்றமாகும், சில உரிமை மீறலாகும், சில எதுவுமே ஆகாது. சமூக அமைப்புகள் இவை எல்லாவற்றையும் எண்ணுகின்றன, குற்றமாகாதவற்றைக் காவல்துறை பெரும்பாலும் எண்ணுவதில்லை.

3. வெறுப்புக் குற்றம். அடி, தீவைப்பு, கொலை என்று ஏற்கெனவே குற்றமாக இருக்கும் ஒரு செயல். அதோடு, பாதிக்கப்பட்டவரை அவருடைய இனம், மதம், பாலினம் போன்ற காரணத்துக்காகவே தேர்ந்தெடுத்தான் என்ற நிரூபணம். இரண்டும் சேர்ந்தால்தான் இந்தப் பெயர்.

சிக்கல் முழுவதும் 'காரணத்துக்காகவே' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. குற்றவாளி இனவெறியன் என்று காட்டினால் போதாது. இந்த ஆளை இந்த இடத்தில் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம் என்று காட்ட வேண்டும். அப்ரெண்டி வழக்கில் 2000ஆம் ஆண்டு வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, சட்டத்தின் உச்சவரம்பைத் தாண்டித் தண்டனையைக் கூட்ட வேண்டுமானால் இந்த நோக்கத்தையும் ஜூரி முன் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபித்தாக வேண்டும். அந்த வழக்கே நியூ ஜெர்சியில் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டுக்குள் ஒருவர் துப்பாக்கியால் சுட்டதில் தொடங்கியது.

நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதற்குப் பழைய உதாரணம் வின்சென்ட் சின். 1982 ஜூனில் டெட்ராய்ட் அருகே இரண்டு வெள்ளையர்கள் பேஸ்பால் மட்டையால் அவரை அடித்ததில் சில நாளில் இறந்தார். ஜப்பான் கார்களால் வேலை போகிறது என்ற ஆத்திரம் ஊரெங்கும் இருந்த காலம். சின் ஜப்பானியர்கூட இல்லை, சீன வம்சாவளியினர். மாநில நீதிமன்றம் இருவருக்கும் கொடுத்தது 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும். சிறை இல்லை. பிறகு மத்திய அரசு தொடர்ந்த உரிமை மீறல் வழக்கில் ஒருவருக்கு 25 ஆண்டு விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது ரத்தானது. 1987இல் நடந்த மறுவிசாரணையில் அவரும் விடுதலை.

## செரோக்கியில் ஏன் இல்லை, ஃபுல்டனில் ஏன் உண்டு?

ஜார்ஜியாவில் 2000இல் இயற்றிய வெறுப்புக் குற்றச் சட்டத்தை, வாசகம் தெளிவில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 2004இல் தள்ளிவிட்டது. அதற்குப் பிறகு 16 ஆண்டுகள் சட்டமே கிடையாது. 2020 பிப்ரவரியில் அகமத் ஆர்பெரி என்ற கறுப்பின இளைஞர் ஓட்டப் பயிற்சியின்போது துரத்திக் கொல்லப்பட்ட பிறகுதான், ஜூன் 26 அன்று புதிய சட்டம் கையெழுத்தானது. அட்லாண்டா கொலைகள் நடந்தபோது அதற்கு ஒரு வயதுகூட ஆகவில்லை.

இது தனிக் குற்றம் அல்ல, கூடுதல் தண்டனைச் சட்டம். அடிப்படைக் குற்றம் நிரூபணமான பிறகு அதன் மேல் ஏறுவது. பெருங்குற்றமானால் குறைந்தது 2 ஆண்டு சிறை, 5,000 டாலர் வரை அபராதம். ஏற்கெனவே ஆயுள் தண்டனைக்குரிய கொலை வழக்கில் இந்த 2 ஆண்டால் நடைமுறையில் எதுவும் மாறாது. இன்ன காரணத்துக்காகக் கொன்றான் என்று நீதிமன்ற ஏட்டில் பதிவாகும், அவ்வளவுதான். குடும்பங்கள் கேட்பது அந்தப் பதிவைத்தான் என்பதால் அதைச் சிறியதாக நினைக்க முடியாது.

இப்போது இரண்டு கவுன்டியின் உண்மைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

செரோக்கி கவுன்டியில், ஆக்வொர்த் பகுதி நிலையத்தில் இறந்தவர்கள் நால்வர். இரண்டு பேர் ஆசியப் பெண்கள். ஒருவர் வெள்ளையினப் பெண், ஒருவர் வெள்ளையின ஆண். உயிர் பிழைத்தவர் லத்தீன் அமெரிக்கர். 'இனத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தான்' என்று ஜூரி முன் நின்றால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி இந்தப் பட்டியலைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

அங்கிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரத்தில், ஒரு மணி நேரத்துக்குள், ஃபுல்டன் கவுன்டியில் பீட்மான்ட் சாலையின் இரண்டு நிலையங்களில் இறந்த நால்வருமே கொரிய வம்சாவளிப் பெண்கள். தேர்வு என்ற வாதத்துக்கு இங்கே பிடிமானம் அதிகம்.

இதோடு இரண்டு விஷயங்களைச் சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் கவுன்டி அரசு வழக்கறிஞர் பெரும்பாலும் தேர்தலில் வெல்பவர். மேலிடத்தைக் கேட்டு முடிவெடுக்கும் நம்மூர் முறை அங்கே இல்லை. தன் எல்லைக்குள் அவர் வைத்ததே வழக்கு. அடுத்து, செரோக்கியில் 2021 ஜூலை 27 அன்று அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். பரோல் இல்லாத நான்கு ஆயுள் தண்டனையும் கூடுதலாக 35 ஆண்டும் கிடைத்தன. விசாரணை நடந்திருந்தால் பாலின அடிப்படையிலான வெறுப்பை வாதிட்டிருப்பேன் என்று அங்குள்ள வழக்கறிஞரும் சொன்னார். அதாவது அவர் மறுத்தது இன நோக்கத்தை மட்டுமே.

## 'இனமா, பாலினமா' என்ற கேள்வியே கோணல்

தான் பாலியல் இச்சைக்கு அடிமையாகிவிட்டதாகவும், 'தூண்டுதலை' ஒழிக்கவே சுட்டதாகவும் அவன் காவல்துறையிடம் சொன்னான். அவனுக்கு அது ஒரு மோசமான நாள் என்கிற தொனியில் ஷெரிஃப் அலுவலகப் பேச்சாளர் மறுநாள் பேசியது கொந்தளிப்பைக் கிளப்பியது. கொலையாளி சொன்ன காரணத்தையே காரணமாக ஏற்றுக்கொண்டு மைக் முன் ஒப்பித்தது விசாரணை நெறிப்படியும் பிழை.

'தூண்டுதல்' என்று அவன் கண்டது ஆசியப் பெண்கள் வேலை செய்யும் இடங்களை. ஆசியப் பெண் என்றாலே பாலியல் தொழில் என்று பார்க்கும் பழக்கம் அமெரிக்காவில் சட்டமாகவே இருந்தது. 1875இல் வந்த பேஜ் சட்டம், விபச்சாரத்துக்காகக் கொண்டுவரப்படும் பெண்களைத் தடுப்பதாகச் சொல்லிக்கொண்டு, நடைமுறையில் சீனப் பெண்கள் அனைவரையும் சந்தேகத்தில் நிறுத்தித் திருப்பி அனுப்பியது. 1882இல் சீனத் தொழிலாளர்களின் வருகையையே தடை செய்த சட்டத்துக்கு முன்னோடி அதுதான். அந்தத் தடை 1943 வரை நீடித்தது.

இனமும் பாலினமும் ஒரே பார்வைக்குள் பின்னிக் கிடக்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்பது, கயிற்றில் எந்தப் புரி பாரத்தைத் தாங்கியது என்று கேட்பது போல. ஃபுல்டன் வழக்கில் இரண்டையும் சேர்த்தே குறிப்பிட்டார்கள்.

## துப்பாக்கியின் பாதை

அந்த 9 மி.மீ. கைத்துப்பாக்கியை அவன் வாங்கியது அதே நாளில், செரோக்கி கவுன்டியில் உள்ள ஒரு கடையில், முற்றிலும் சட்டப்படி. எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்கக் குறைந்தபட்ச வயது 21. அவனுக்கு 21.

2. 4473 என்ற எண்ணுள்ள மத்திய அரசுப் படிவத்தை நிரப்ப வேண்டும். ஓராண்டுக்கு மேல் சிறைக்குரிய குற்றத்தில் தண்டனை பெற்றவரா, தேடப்படுபவரா, சட்டவிரோதப் போதைப்பொருள் பயன்படுத்துபவரா, நீதிமன்ற ஆணையால் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டவரா, குடும்ப வன்முறையில் தண்டிக்கப்பட்டவரா என்றெல்லாம் கேள்விகள். குடியேற்ற நிலை பற்றிய கேள்வியும் உண்டு. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவருக்கு வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர அனுமதி இல்லை; பச்சை அட்டைக்காரர் வாங்கலாம்.

3. கடைக்காரர் விவரத்தை மத்திய அரசின் உடனடிச் சரிபார்ப்பு அமைப்புக்கு அனுப்புவார். 'கொடுக்கலாம்', 'பொறு', 'மறு' என மூன்றில் ஒரு பதில் வரும். பெரும்பாலும் சில நிமிடங்களில்.

4. 'பொறு' என்று வந்து 3 வேலை நாளுக்குள் முடிவு வராவிட்டால், மத்திய சட்டப்படி கடைக்காரர் விற்கலாம். 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 கறுப்பினத்தவரைக் கொன்றவன் கையில் துப்பாக்கி சென்றது இந்த ஓட்டை வழியாகத்தான்.

5. தனியாள் தனியாளுக்கு விற்றால் மத்திய சட்டப்படி மேற்கண்ட எந்தச் சரிபார்ப்பும் தேவையில்லை. சில மாநிலங்கள் மட்டும் தனியே கட்டாயமாக்கியுள்ளன.

அட்லாண்டாவில் இந்தப் பாதையில் எதுவும் பழுதாகவில்லை. கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டு, சரியான பதில் பெற்று, கையில் கொடுத்தார்கள். இல்லாதது காத்திருப்பு. சரிபார்ப்பும் காத்திருப்பும் வேறு வேறு. செய்திகளில் இரண்டையும் அடிக்கடி குழப்புகிறார்கள். பணம் கட்டிய பிறகும் இத்தனை நாள் கழித்துத்தான் துப்பாக்கி கையில் வரும் என்பது காத்திருப்பு. 1993இல் கையெழுத்தான பிரேடி சட்டம் கைத்துப்பாக்கிக்கு 5 நாள் வைத்திருந்தது. 1998 நவம்பரில் கணினிச் சரிபார்ப்பு வந்ததும் அந்த 5 நாள் காலாவதியானது. இன்று மாநிலங்கள் விரும்பினால் வைக்கலாம்: கலிபோர்னியாவில் 10 நாள், ஹவாயில் 14 நாள். ஜார்ஜியாவில் பூஜ்யம்.

காத்திருப்பு இருந்திருந்தால் அந்த 8 பேரும் பிழைத்திருப்பார்களா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் காத்திருப்புச் சட்டங்கள் உள்ள மாநிலங்களில் துப்பாக்கிக் கொலைகள் சுமார் 17 சதவீதம் குறைந்ததாக 2017இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அன்று காலை வாங்கி அன்று மாலை சுடும் வகைக்கு இதைவிட நேரான தடை வேறில்லை.

## 4473இல் இல்லாத கேள்வி

இன வெறுப்பால் ஒருவரை அடித்துத் தண்டிக்கப்பட்டிருக்கிறாயா என்று அந்தப் படிவம் கேட்பதில்லை. தண்டனை பெருங்குற்றமாக இருந்தால் பொதுவான தடையில் மாட்டும். சிறுகுற்றமாகக் குறைத்துச் சமரசம் பேசி முடித்திருந்தால், மத்திய சட்டத்தில் பெரும்பாலும் தடை இல்லை. இதை அடைக்க 'வெறுப்பை நிராயுதபாணியாக்கும்' மசோதா நாடாளுமன்றத்தில் பலமுறை வந்தது, நிறைவேறவில்லை. கலிபோர்னியா தன் மாநிலத்துக்கு மட்டும் 10 ஆண்டுத் தடை வைத்திருக்கிறது.

இந்த ஓட்டைக்கு விலை கொடுத்த வரலாறு உண்டு. 1989 ஜனவரி 17 அன்று கலிபோர்னியாவின் ஸ்டாக்டனில் ஒரு தொடக்கப் பள்ளி மைதானத்தில் 5 குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். ஐவரும் கம்போடிய, வியட்நாம் அகதிக் குடும்பப் பிள்ளைகள். கொன்றவன் மீது நீளமான கைதுப் பட்டியல் இருந்தது. எல்லாம் சிறுகுற்றமாகவே முடிந்திருந்ததால் ஆயுதம் வாங்கத் தடையில்லை. போர்வகைத் துப்பாக்கிகளுக்கு எதிரான நாட்டின் முதல் மாநிலச் சட்டம் அந்த ஆண்டே கலிபோர்னியாவில் வந்தது.

## சட்டம் இருந்தும் நழுவியது: இண்டியானாபொலிஸ்

'அபாயக் கொடி' சட்டம் என்பது, ஒருவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று நீதிமன்றம் கண்டால் ஆயுதத்தைத் தற்காலிகமாகப் பறித்து, புதிதாக வாங்கவும் தடை போடுவது. ஜார்ஜியாவில் கிடையாது. இண்டியானாவில் 2005 முதல் உண்டு.

அங்கே 2020 மார்ச்சில் ஒரு தாய், மகன் போலீஸ் கையால் சாகத் திட்டமிடுகிறான் என்று புகார் கொடுத்தார். காவலர்கள் வந்து அவனுடைய ஷாட்கன்னை எடுத்துச் சென்றார்கள். அடுத்து அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் மனு செய்திருக்க வேண்டும். குடும்பமே துப்பாக்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மனு போட்டுத் தோற்றால் திருப்பிக் கொடுக்க நேரும் என்று கணக்குப் போட்டு அவர் விட்டுவிட்டார்.

பிழை இங்கேதான். வாங்கத் தடை விழுவது நீதிமன்றத் தீர்ப்பால். காவலர் எடுத்துச் சென்றதால் அல்ல. தீர்ப்பு இல்லாததால் சரிபார்ப்பு அமைப்பில் அவன் பெயரே ஏறவில்லை. அதே ஆண்டு ஜூலையிலும் செப்டம்பரிலும் இரண்டு ரைஃபிள்களைச் சட்டப்படி வாங்கினான். 2021 ஏப்ரல் 15 இரவு ஒரு சரக்குக் கிடங்கில் 8 பேரைக் கொன்றான். நால்வர் சீக்கியர். இது இன வெறுப்பால் அல்ல என்று எஃப்.பி.ஐ. பின்னர் முடிவு சொன்னது. ஒரு துப்பாக்கியைக் கைப்பற்றுவது வேறு, ஆளைத் தடைப்பட்டியலில் ஏற்றுவது வேறு.

## எண்களை எப்படி வாசிப்பது

எஃப்.பி.ஐ. கணக்கில் ஆசியருக்கு எதிரான நிகழ்வுகள் 2019இல் 158, 2020இல் 279, 2021இல் 746. சமூக அமைப்புகள் 2020 மார்ச்சில் தொடங்கிய 'ஸ்டாப் ஏ.ஏ.பி.ஐ. ஹேட்' (ஏ.ஏ.பி.ஐ. என்றால் ஆசிய அமெரிக்கரும் பசிபிக் தீவினரும்) பதிவேட்டில் முதல் ஓராண்டுக்குள்ளாகவே 3,795 புகார்கள். அவற்றில் 68 சதவீதம் வாய்வார்த்தைத் துன்புறுத்தல், 11 சதவீதம் உடல்ரீதியான தாக்குதல். முதலில் சொன்ன மூன்று படிகளை நினைவில் வைத்தால் இரண்டும் ஏன் பொருந்தவில்லை என்பது புரியும். ஒன்று குற்றத்தை எண்ணுகிறது, மற்றது நிகழ்வை.

எஃப்.பி.ஐ. எண்ணும் உறுதியானதல்ல. 18,000க்கும் மேற்பட்ட காவல் அமைப்புகள் விரும்பினால் தரலாம், தராமலும் இருக்கலாம். 2021இல் கணக்கெடுக்கும் முறை மாறியபோது நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறைகள் முதல் வெளியீட்டில் இடம்பெறவே இல்லை. ஆசியர் மிக அதிகமாக வாழும் இரு நகரங்களை விட்டுவிட்டு வந்த அந்த எண், எல்லா இன, மத வகைகளும் சேர்ந்து, 7,262 நிகழ்வுகள். வெறுப்புக் குற்றம் குறைந்தது என்று தலைப்புகள் வந்தன. பிறகு துணை அறிக்கையில் அது 10,840 ஆனது. பாதிக்கப்பட்டவர்களை நேரில் கேட்டு நீதித் துறை எடுக்கும் ஆய்வோ, 2005 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 2.5 லட்சம் என்கிறது. புகார் கொடுக்காதவர்கள், கொடுத்தும் 'நோக்கம்' கட்டத்தில் குறியிடப்படாதவர்கள் எல்லாம் இந்த இடைவெளிக்குள் இருக்கிறார்கள்.

## பிறகு வந்த சட்டங்கள்

2021 மே 20 அன்று கையெழுத்தான கோவிட்-19 வெறுப்புக் குற்றச் சட்டம் செனட்டில் 94-1 என நிறைவேறியது. ஏறக்குறைய ஒருமித்த இந்த ஆதரவுக்குக் காரணம், அது யாரையும் அதிகம் சங்கடப்படுத்தவில்லை. வழக்குகளை விரைந்து பார்க்க ஓர் அதிகாரி, பல மொழிகளில் புகார் வசதி, மாநிலங்களுக்கு நிதி. துப்பாக்கி என்ற சொல்லின் பக்கமே அது போகவில்லை.

2022 ஜூன் 25 அன்று வந்த துப்பாக்கிச் சட்டம் 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கூடுதல் சரிபார்ப்பு வைத்தது, தேவைப்பட்டால் 10 வேலை நாள் வரை. அட்லாண்டா கொலையாளி 21 நிரம்பியவன். அவன் இதில் சிக்கியிருக்க மாட்டான். அதே ஆண்டு ஏப்ரலில் ஜார்ஜியா எதிர்த்திசையில் போய், உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதித்தது.

## நேரில் பார்த்தால், நேர்ந்தால்

பார்ப்பவர்கள் செய்யக்கூடியதாகப் பயிற்சிகளில் ஐந்து வழி சொல்லித்தருகிறார்கள். எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை, ஒன்று போதும். எதிராளி கையில் ஆயுதம் தெரிந்தால் ஐந்தாவதைத் தொடவே கூடாது.

1. திசை திருப்புங்கள். தாக்குபவனை விட்டுவிட்டு, பாதிக்கப்படுபவரிடம் போய் நேரம் கேளுங்கள், வழி கேளுங்கள்.
2. ஓட்டுநர், கடை மேலாளர் என அங்கே பொறுப்பில் இருப்பவரை அழையுங்கள்.
3. தள்ளி நின்று படம் பிடியுங்கள். தெருப்பலகையையும் கடைப்பெயரையும் சேர்த்து எடுங்கள். தேதி, நேரத்தை வாயால் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவரிடமே காணொளியைக் கொடுங்கள். அவர் அனுமதியின்றி இணையத்தில் ஏற்றாதீர்கள்.
4. முடிந்த பிறகு அருகில் போய், என்ன வேண்டும் என்று கேளுங்கள்.
5. பாதுகாப்பு என்று உறுதியானால் மட்டும், சுருக்கமாக 'நிறுத்து' என்று சொல்லிவிட்டு வாக்குவாதத்துக்கு நிற்காமல் விலகுங்கள்.

புகாரில் பெரும்பாலோர் கோட்டைவிடுவது தாக்கியவன் உச்சரித்த சொற்களை. 'இனத்தைச் சொல்லித் திட்டினான்' என்று எழுதினால் வழக்கறிஞருக்கு உதவாது. ஆபாசமாக இருந்தாலும் அவன் சொன்ன ஆங்கில வார்த்தையை அப்படியே, அடிக்கு முன்பா பின்பா என்ற வரிசையோடு எழுதச் சொல்லுங்கள். 2017இல் கான்சஸில் ஹைதராபாத் பொறியாளர் ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லா ஒரு மதுக்கூடத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கு வெறுப்புக் குற்றமாக நின்றதற்கு, 'என் நாட்டை விட்டு வெளியேறு' என்று கொலையாளி கத்தியதைச் சாட்சிகள் கேட்டிருந்தது முக்கியக் காரணம். அறிக்கையின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 'நோக்கம்: வெறுப்பு' என்று குறித்தார்களா என்று சரிபாருங்கள். உள்ளூர்க் காவல்துறை தட்டிக்கழித்தால் எஃப்.பி.ஐ.யிடம் நேரடியாகவே புகார் தரலாம்.

விசா கவலையால் புகார் கொடுக்கத் தயங்குபவர்களுக்கு யு விசா என்று ஒன்று உண்டு. சில வகைக் குற்றங்களில் பாதிக்கப்பட்டு விசாரணைக்கு உதவுபவருக்கு ஆண்டுக்கு 10,000 பேர் என்ற உச்சவரம்போடு தருகிறார்கள். வரிசை பல ஆண்டு நீளம். காவல்துறையோ அரசு வழக்கறிஞரோ கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும். கையெழுத்தாகி 6 மாதத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். தகுதியுள்ள குற்றங்களின் பட்டியலில் 'வெறுப்புக் குற்றம்' என்ற பெயர் இல்லை, பெருங்குற்ற வகைத் தாக்குதல் இருக்கிறது. ஆகவே முதல் அறிக்கையில் காயம், ஆயுதம், மருத்துவமனை விவரம் மூன்றும் இடம்பெற்றிருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்க்க வேண்டும்.